குரலுக்கும் பண்டில் நம்பர்

மதியத்துக்கு மேல்தான் ஐரோப்பாவில் அலுவலகம் திறக்கும். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் போன் சூடு பிடிப்பதும் அப்போதுதான். லேப் டிப் நிறம், துணியின் ஜிஎஸ்எம், கப்பலேற்றும் தேதி என்று மெர்ச்சன்டைசர் இணைய அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே பையரின் குரல் துண்டு துண்டாகும். "நெட் ஸ்லோ" என்று முடிவு கட்டி, அடுத்த மாதமே கூடுதல் வேகத்துக்குப் பணம் கட்டுவார்கள். பல இடங்களில் அது வீண் செலவு.

குரலுக்கு வேண்டிய வேகம் மிகக் குறைவு. பழைய தொலைபேசித் தரமான ஜி.711 முறையில் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்பட்டு 64 கிலோபிட் ஆகிறது. அதை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் 40 பைட் முகவரி விவரம் ஒட்டினாலும் 80 கிலோபிட்தான்.

கட்டிங் மேஜை பழகியவர்களுக்கு மீதி எளிதில் புரியும். வெட்டிய பீஸ்களுக்கு நம்பர் ஸ்டிக்கர் ஒட்டிப் பண்டில் கட்டுவது எதற்கு? ஒரே லேயரில் வெட்டிய கையும் உடம்பும் ஒன்றுசேரத்தானே! ஆர்டிபி என்ற விதிமுறை குரல் துண்டுகளுக்கும் அப்படியே வரிசை எண் போடுகிறது. முன்பின்னாக வந்து சேர்ந்தாலும் மறுமுனையில் ஒழுங்காகக் கோத்துவிடலாம். துண்டுகள் சீராக வராது என்பதால், டெய்லர் கை ஓயாமலிருக்க ஹெல்பர் பீஸ் அடுக்கி வைப்பதுபோல, கருவியும் சிலவற்றைக் கையிருப்பில் வைத்தே ஒலிக்கிறது.

தொலைந்த பீஸை மறுபடி வெட்டலாம். பேச்சில் அதற்கு நேரமில்லை, விட்டது விட்டதுதான். குரல் போய்ச் சேர 150 மில்லிநொடிக்கு மேல் ஆகாமலிருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். தாமதம் கூடக் கூட இருவரும் ஒரே நேரத்தில் பேசிக் குழம்புவார்கள்.

ஆக, பார்க்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல. ஒரே வைஃபையில் சிசிடிவியும் டிசைன் கோப்புகளும் குரலோடு முண்டியடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்து, மேஜைக்கு ஒரு கேபிள் இழுத்தாலே பாதித் தொல்லை தீரும். மணி அடிக்கிறது, எடுத்தால் ஒருபக்கக் குரல் மட்டும் கேட்கவில்லை என்றால் அது வேறு கோளாறு. அழைப்பை இணைப்பது சிப் (SIP) என்ற விதிமுறையின் வேலை. குரல் தனி வழியில் போகிறது. அந்த வழியைப் பெரும்பாலும் ஃபயர்வாலோ ரவுட்டரோ மறித்திருக்கும்.

இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்தது 2002 ஏப்ரலில். ஏற்றுமதியை நம்பி வாழும் ஊர் இதன் அடிப்படையை இன்னும் கணினிக் கடைக்காரரிடமே விட்டுவைப்பது சரியல்ல. முதலிபாளையம் நிஃப்ட்-டீ கல்லூரி போன்ற இடங்களில் மெர்ச்சன்டைசிங் பாடத்தோடு இதற்கும் ஒரு வாரம் ஒதுக்கலாம். அப்படிப் படித்து வருகிறவர் கம்பெனியின் தொழிலாளர் விடுதி ரவுட்டரையும் ஒருமுறை சரிபார்க்கட்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து ஒடிசாவுக்கும் பிகாருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பது அங்கிருந்துதான்.