சுவர் ஒரு சாக்கு

ரோம் நகரம் ஏப்ரல் 21-ஐத் தன் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறது. கி.மு. 753-இல் பாலட்டைன் குன்றில் ரோமுலஸ் அதை நிறுவினார் என்பது ஐதீகம். நிறுவிய கையோடு, கூடப்பிறந்த ரெமஸின் கதை முடிக்கப்பட்டது என்பதும் அதே ஐதீகம்தான்.

டைபர் ஆற்றில் விடப்பட்ட இரட்டைக் குழந்தைகளுக்கு ஓநாய் பாலூட்டியது. ஆயன் ஃபாஸ்டுலஸ் எடுத்து வளர்த்தான். தங்களைக் கொல்லச் சொன்ன மன்னன் அமூலியஸை இருவரும் சேர்ந்தே வீழ்த்தி, பாட்டன் நூமிட்டரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார்கள். சொந்தமாக ஊர் கட்டும் பேச்சு வந்தபோதுதான் பங்காளிச் சண்டை. இரட்டையரில் மூத்தவர் யார் என்பது வழக்காகவே, பறவைச் சகுனம் பார்த்தார்கள். அவென்டைன் குன்றில் நின்ற ரெமஸுக்கு முதலில் 6 கழுகுகள் தென்பட்டன. பிறகு ரோமுலஸுக்கு 12. முந்தியது செல்லுமா, கூடுதல் செல்லுமா என்று யாரும் முன்னரே பேசி வைக்கவில்லை. உருப்படாத ஏற்பாடு!

ரெமஸையும் நாம் உத்தமராக்கவில்லை. ரோமுலஸின் பாதி எழும்பிய சுவரைப் பார்த்து நக்கலடித்தார், தாண்டிக் குதித்தார். அதற்காகத் தலையை வாங்குவதா? எல்லையின் மானம் காக்கவே வெட்டினார் என்று ரோமுலஸுக்கு வக்காலத்து வாங்கியவர்கள் உண்டு. கி.மு. 44-இல் ‘கடமைகள்’ நூலை எழுதிய சிசரோ அதை ஏற்கவில்லை. தனியே ஆள்வது லாபம் என்று தோன்றியதால் சகோதரனைக் கொன்றார், சுவர் வெறும் சாக்கு, செய்தது குற்றம் என்று எழுதினார். ரோமுலஸ் அதற்குள் குவிரினஸ் என்ற தெய்வமாகியிருந்ததால், தெய்வத்திடம் ஒரு வார்த்தை பொறுத்தருளக் கேட்டுக்கொண்டே எழுதினார். அந்தத் தீர்ப்பில் மாற்ற ஒன்றுமில்லை.

கொலையைவிட நம்மைக் கூசவைப்பது பின்னால் நடந்த பூசிமெழுகல். ரோமை ஆண்ட அகஸ்டஸின் காலத்துக் கவிஞர் ஓவிட் சொல்லும் கதையில், மண்வெட்டியால் அடித்தவன் செலர் என்ற ஏவலாள்; ரோமுலஸ் பாவம், ஈமச்சடங்கில் கண்ணீர் விடுகிறார். ஆனால் சுவரைத் தாண்டுபவன் எவனானாலும் கொல் என்று செலரிடம் சொல்லி வைத்தவர் யார்? அதே கவிதையில் அதே ரோமுலஸ்தான். ஏவியவர் அழுதுவிட்டால் பழி ஏவலாளோடு போய்விடாது.

அகஸ்டஸுக்கே ரோமுலஸ் என்று பட்டம் சூட்டிக்கொள்ளும் ஆசை இருந்தது. மன்னராக நினைக்கிறார் என்று ஊர் சந்தேகிக்குமே என்றுதான் கைவிட்டார். ரெமஸின் ரத்தம் அவருக்கு ஒரு தடையாகத் தோன்றியதாக இதைச் சொல்லும் வரலாற்றுக் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.