சென்சாரை மாற்றும் முன்

எக்ஸ்கவேட்டரின் திரையில் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) சென்சார் கோளாறு என்று குறியீடு வந்தவுடன் புது சென்சார் வாங்க ஓடும் பழக்கத்தை நாம் விட வேண்டும். அளவு சரியில்லை என்றுதான் குறியீடு சொல்கிறது. காரணத்தை மெக்கானிக்தான் தேட வேண்டும். புகைக்குழாய் இணைப்பில் கசிவு, கனெக்டரில் ஏறிய ஈரம், 32.5 சதவீத யூரியா இருக்க வேண்டிய, புகையைச் சுத்திகரிக்க உதவும் டிஇஎஃப் திரவத்தில் கலந்த தண்ணீர் என எதுவும் அந்தக் குறியீட்டை வரவழைக்கலாம். ரிஃப்ராக்டோமீட்டரில் டிஇஎஃப் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும், மல்டிமீட்டரால் வயரிங்கைச் சோதிக்கவும் அதிக நேரம் ஆகாது. அதைச் செய்யாவிட்டால் காசும் போகும், கோளாறும் தொடரும். இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொள்ள, வேலையும் நிற்கும். அலுத்துப்போய் புகைச் சுத்திகரிப்பு அமைப்பையே துண்டித்துவிடுவது பெருந்தவறு. வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடை முதலில் சுவாசிப்பவர்கள் களத்தில் நிற்கும் தொழிலாளர்கள். முறையான சோதனைப் பயிற்சியை ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் கொடுப்பது இயந்திர உரிமையாளர்களின் கடமை.