கடிகாரமும் ஒரு மருந்தே

சிவகாசி வட்டாரத்தில் ‘மருந்து’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று பட்டாசுக்குள் அடைப்பது. மற்றொன்று நோயாளிக்குக் கொடுப்பது. இரண்டிலும் அளவு தவறினால் ஆபத்துதான். பட்டாசு மருந்தைப் பற்றி அங்கு எல்லோரும் பேசுவர். தீக்காயம் பட்டவருக்குச் சிரை வழியே ஏற்றும் நீரின் அளவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மாணவர்களாவது அதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூர்ப் பகுதியின் அச்சங்குளத்தில் மற்றொரு பெரும் விபத்து நேர்ந்தது. இத்தகைய விபத்துகளில் உயிரோடு மீட்கப்பட்டவர்களிலும் சிலர் பிறகு இறந்துவிடுகின்றனர். தீ அணைந்த பின்னும் உயிர் போவானேன்?

இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் பிராங்க் அண்டர்ஹில். 1921இல் நியூ ஹேவன் நகரில் ஒரு திரையரங்கு தீப்பற்றியது. காயமுற்றோரின் கொப்புள நீரை அவர் ஆராய்ந்தார். அது ஏறக்குறைய இரத்தத்தின் பிளாஸ்மாவைப் போலவே இருந்தது! பெரிய தீக்காயத்தில் தந்துகிகளின் சுவர்கள் கசியத் தொடங்குகின்றன. நீரும் உப்பும் புரதமும் வெளியேறுகின்றன. எஞ்சிய இரத்தம் கெட்டியாகிறது. இரத்த அழுத்தம் குறைகிறது. சிறுநீரகம் செயல் இழக்கிறது. தீ தோலைச் சுட்டது. உயிரை வாங்குவதோ உடலுக்குள் நேரும் இந்த வறட்சி.

இழந்த நீரை எவ்வளவு ஈடுசெய்வது? டாலஸ் நகரத்துப் பார்க்லாண்டு மருத்துவமனையில் சார்லஸ் பாக்ஸ்டர் 1960களில் ஒரு வாய்பாடு வகுத்தார். உடல் எடையையும் (கிலோகிராமில்), வெந்த பரப்பின் சதவீதத்தையும், 4 மில்லி லிட்டரையும் பெருக்க வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 30 சதவீதம் வெந்திருந்தால் முதல் நாளுக்கு 6,000 மில்லி லிட்டர். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்திலும், மீதியை அடுத்த 16 மணி நேரத்திலும் செலுத்த வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. அந்த 8 மணி நேரம் மருத்துவமனைக்குள் நுழைந்த நேரத்திலிருந்து அல்ல, தீ சுட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. காலை 10 மணிக்குக் காயமுற்றவர் நீர் ஏற்றப்படாமலே பகல் 1 மணிக்கு மதுரை சேர்கிறார் என வைத்துக்கொள்வோம். 3,000 மில்லி லிட்டரைச் செலுத்த 5 மணி நேரமே உள்ளது, மணிக்கு 600. விபத்து நேரம் தெரியாமல் 8 மணியாகக் கணக்கிட்டால் மணிக்கு 375தான் கிடைக்கும்.

அப்படியானால் கூடுதலாகவே ஏற்றிவிடலாமே? கூடாது. கசியும் குழாயில் மேலும் நீர் விட்டால் மேலும் கசியும். நுரையீரலில் நீர் கோக்கும். வயிறு உப்பி உள்ளுறுப்புகளை நெரிக்கும். அதனால் இன்று பலர் பெரியவர்களுக்கு 4க்குப் பதிலாக 2 மில்லி லிட்டரிலேயே கணக்கைத் தொடங்குகின்றனர். வாய்பாடு தொடக்கந்தான்; பிறகு மணிதோறும் வெளியேறும் சிறுநீரை அளந்து கூட்டியோ குறைத்தோ செலுத்துகின்றனர்.

இது தீக்காயத்துக்கு மட்டும் உரிய விதியன்று. கணையத்தின் ஒரு பகுதியை அகற்றி எஞ்சியதைக் குடலோடு தைக்கும் அறுவையிலும் இதே சிக்கல் எழுகிறது. நீர் மிகுந்தால் குடற்சுவர் வீங்கித் தையல் ஆறுவது தடைபடலாம். குறைந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படும். பெரிய வயிற்று அறுவைக்கு உள்ளான சுமார் 3,000 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நீரை மிகவும் குறைத்துக் கொடுத்தவர்களிடையே சிறுநீரகப் பாதிப்பு கூடுதலாகக் காணப்பட்டது.

ஆனால் நம் வீடுகளில் என்ன எண்ணம்? “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வரும்” என்கிறோம். பாட்டில் நீர் தெம்பு அல்ல. அளந்து தரவேண்டிய மருந்து.

எனவே, ஒரு மருத்துவமனையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பும்போது மூன்று எண்கள் சீட்டில் கட்டாயம் இருக்க வேண்டும் என்பேன்: காயம்பட்ட நேரம், அதுவரை ஏற்றிய நீரின் அளவு, வெளியேறிய சிறுநீரின் அளவு. இவை இல்லாவிட்டால் அடுத்த மருத்துவர் இருட்டில் தேடுபவர் ஆகிறார். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். ஒரு கடிகாரமும் பென்சிலும் போதும்.

தீ விபத்தே நேராமல் தடுப்பதுதான் முதற்கடமை. அதில் ஐயமில்லை. மீறி நேர்ந்தால், எரியும் கொட்டகையை நோக்கி ஓடாதீர்கள். முதலிப்பட்டியில் உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் உயிரிழந்தனர். பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிட்டவரின் காயத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பற்பசையோ மையோ பூசாதீர்கள். பெரிய காயமானால் 108க்குச் சொல்லிவிட்டு, உடல் குளிர்ந்து நடுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக் கொடுங்கள். நீங்கள் எழுதும் அந்த ஓர் எண்ணிலிருந்துதான் மருத்துவர் தம் கணக்கைத் தொடங்குவார்.