தந்தி வந்தது

இறந்தவர்களுக்காகச் சர்ச்சில் பாடும் இசைக்கு 'ரெக்வியம்' என்று பெயர். வழக்கமாக லத்தீனில், போனவரின் ஆத்மா சாந்திக்காக. ஜெர்மானியர் பிராம்ஸ் இதைத் திருப்பிப் போட்டார். போனவர் போய்விட்டார், அழுகிறவனை யார் தேற்றுவது?

1865 பிப்ரவரியில் வியன்னாவில் இருந்தவருக்குத் தந்தி. அம்மாவைப் பார்க்க உடனே வா என்று. அடித்துப் பிடித்து ஹாம்பர்க் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. லூதரின் பைபிளில் ஆறுதல் வரிகளாகப் பொறுக்கியெடுத்து, 'ஜெர்மன் ரெக்வியம்' எழுதினார். 'ஜெர்மன்' என்பதை எடுத்துவிட்டு 'மனித' என்று வைக்கவும் தயார் என்று கடிதத்தில் சொன்னார்.

1868 புனித வெள்ளியன்று பிரெமன் கதீட்ரலில் பாடினார்கள். ஏசுவின் பெயரே இல்லையே என்று முன்கூட்டியே கவலை! சமாளிக்க, நடுவில் ஹாண்டலின் பாட்டு ஒன்றைச் செருகினார்கள். அப்புறமும் பிராம்ஸுக்கு மனசு ஆறவில்லை போலிருக்கிறது. ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தார். தாயின் தேறுதலைப் பற்றியது. ஒற்றைப் பெண் குரல், பின்னால் கோஷ்டி ரொம்ப மெதுவாக.

இன்றைக்கும் நவம்பரில், கல்லறைத் திருநாளை ஒட்டி, ஐரோப்பிய, அமெரிக்க சர்ச்களில் இதைப் பாடுகிறார்கள். பாடுபவர்களில் பலர் நம்மைப் போல ஆபீஸ் ஆசாமிகள். வேலை முடிந்து வந்து மாலையில் ரிகர்சல். சில இடங்களில், இறந்துபோன சொந்தக்காரர்களின் பெயர்களை நிகழ்ச்சித் தாளில் அச்சடித்துக் கொடுப்பார்கள். சங்கீதம் புரியாதவர்களும் அதில் ஒரு பெயரைத் தேடிக் கண்டுபிடித்து விரலை வைத்துக்கொண்டு கேட்கலாம்.

நம்ம ஊரில் தந்தியை 2013ல் நிறுத்திவிட்டார்கள். ஊரில் அம்மா இருந்தால் இன்றைக்கே ஒரு போன் போடுங்கள். பிராம்ஸ் மாதிரி அப்புறம் ரெக்வியம் எழுத நம்மால் ஆகாது சார்.