பெரிய கப்பலுக்கு மட்டும் ஏன் 2032?

நார்வேயின் உலகப் பாரம்பரிய ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே புகும் குறுகிய கடற்கழிகளில்) சுற்றுலாக் கப்பல்களின் புகை 2026-க்குள் அடியோடு நிற்க வேண்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றம் 2018-இல் தீர்மானித்தது. 2024-இல் அரசு அந்தத் தீர்மானத்தை இரண்டாக வெட்டியது. 10,000 டன்னேஜுக்குக் குறைந்த கப்பல்களுக்கு 2026 ஜனவரி 1. அதைவிடப் பெரிய சொகுசுக் கப்பல்களுக்கு 2032 வரை தவணை. கொஞ்சமாகப் புகைவிடுகிறவனுக்கு உடனே சட்டம், அள்ளி விடுகிறவனுக்கு ஆறு வருடம் சலுகை. இது எந்த ஊர் நியாயம்?

இதன் பலனை அனுபவிக்கப்போவது அவுர்லான்ட் போன்ற சிற்றூராட்சிகள். அங்கே மொத்தம் சுமார் 1,800 பேர். அங்குள்ள நேரோய்ஃபியோர்டில் இரு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் பாறைச் சுவர். மிகக் குறுகிய இடத்தில் கடலின் அகலம் 250 மீட்டர்தான். காற்று அசையாத நாளில் கப்பல் புகை மேலே போக வழியில்லை. மலைகளுக்கு நடுவே பாய் விரித்ததுபோல் நீலமாய்ப் படிந்து நிற்கும். பக்கத்திலேயே உன்ட்ரெடால் கிராமம். ஆட்டுப்பாலைத் திரித்து, வடித்த தெளிநீரைப் பல மணி நேரம் சுண்டக் காய்ச்சிப் பழுப்புப் பாலாடைக்கட்டி செய்கிறவர்கள். அவர்களுடைய ஆடுகள் மேய்வது இதே மலைச்சரிவுகளில்தான்.

புகையில்லாமல் கப்பலோட்டும் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை என்கிறார்கள் தவணையை ஆதரிப்பவர்கள். வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. அதுவும் நேரோய்ஃபியோர்டைத் தன் கிளைகளில் ஒன்றாகக் கொண்ட சோங்னெஃபியோர்டில், லாவிக்குக்கும் ஓப்பெடாலுக்கும் நடுவே. 2015-இல் அங்கே ஓடத் தொடங்கிய ‘ஆம்பியர்’ உலகின் முதல் மின்கலக் கார்ப்படகு. 120 கார்களை ஏற்றிக்கொண்டு 20 நிமிடத்தில் அக்கரை சேரக்கூடியது. அதைச் சாத்தியமாக்கிய வழி எளிமையானது. அந்தக் கரையோர ஊர்களின் மின்கம்பி ஒரு கப்பலுக்குத் திடீரெனத் தேவைப்படும் மின்சாரத்தைத் தாங்காது. அதனால் இரண்டு கரையிலும் பெரிய மின்கலங்களை வைத்தார்கள். படகு அக்கரைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவை மெல்ல மெல்ல மின்சாரத்தைச் சேர்க்கும். படகு வந்து ஒட்டியதும் பத்தே நிமிடத்தில் அதைக் கொட்டிவிடும். ஊர்க் கிணற்றில் ஊற்று சிறிதானால் தொட்டி கட்டி வைப்போமே, அதே வேலை. வழி தேட மனம் வைத்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

படகும் மிதக்கும் நகரமும் ஒன்றா என்று கேட்பார்கள். ஒன்றல்லதான். ஆனால் அட்லான்டிக்கை மின்கலத்தில் தாண்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஃபியோர்டுக்குள் ஓடும் அந்தச் சில மணி நேரம் மட்டுமே கேள்வி. அதற்கும் ஆறு வருடம் வேண்டும் என்பவர்கள் 2032-இல் இன்னும் ஆறு கேட்பார்கள்.

மின்சாரத்துக்கு அங்கே பஞ்சமும் இல்லை. அவுர்லான்டின் மலை ஏரிகளிலிருந்து இறங்கும் நீரில் சுழலும் ஒரே ஒரு மின்நிலையத்தின் திறன் 840 மெகாவாட். துறையில் நிற்கும் பெரிய கப்பலொன்றுக்குத் தேவை பத்து மெகாவாட் அளவு. தன் மலைத் தண்ணீரில் நாட்டுக்கே விளக்கேற்றும் ஊர், வெளியூர்க் கப்பலின் எண்ணெய்ப் புகையைச் சுவாசிக்க வேண்டுமாம்!

கப்பல் வருவது நின்றால் பிழைப்பு போய்விடும் என்று கடைக்காரர்கள் பயப்படுகிறார்கள். வந்து மூன்று மணி நேரம் நின்று, படமெடுத்து, சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே திரும்புகிற கூட்டத்தை நம்பியா ஒரு ஊர் வாழ வேண்டும்? தவணையை ரத்து செய்வதோடு நிறுத்தக் கூடாது. 10,000 டன்னேஜுக்கு மேற்பட்ட எந்தக் கப்பலும், எதில் ஓடினாலும், இந்த ஃபியோர்டுகளுக்குள் வரவே கூடாது. வெளியே நங்கூரமிட்டு, பயணிகளை மின்படகில் அனுப்பட்டும். அவுர்லான்டின் ஃப்ளோம் துறையிலிருந்து ஃபியோர்டுக்குள் சுற்றுலாப் படகுகள் ஏற்கெனவே மின்சாரத்தில் ஓடுகின்றன.

ஃப்ளோம் துறையில் இறங்குகிறவர்கள் நேரே போய் ஏறுவது மலை ரயிலில். கடல் மட்டத்திலிருந்து 866 மீட்டர் உயரத்துக்கு 20 கிலோமீட்டர் ஏறும் அந்த ரயில், போர்க்காலத்தில் 1940-இல் ஓடத் தொடங்கியது. 1944 முதல் அது மின்சாரத்தில் ஓடுகிறது.