முனீஸ்வரருக்கு அருவாள் வாங்கப் போறீங்களா? கொஞ்சம் இதைப் படிங்க

திருவிழா நெருங்குது. முனீஸ்வரருக்கு அருவாள் காணிக்கை கொடுக்க வேண்டிக்கொண்ட பக்தர்கள் பலர் "எந்த அருவாள் நல்லது?" என்று கேட்கிறீர்கள். தொண்டர்கள் நாங்க பேசி, எங்க கருத்தை இங்கே போடுறோம். யார் மனசையும் புண்படுத்த இல்லை.

போன வருஷம் ஆடி பூசையில், ஒரு பக்தர் ஆசையாக வாங்கிக் கொடுத்த புது அருவாளால் திருஷ்டிப் பூசணிக்காய் வெட்டினோம். கண்ணாடி மாதிரி பளபளப்பு, மேலே "ஒரிஜினல் திருப்பாச்சி" என்று எழுத்து. இரண்டாவது வெட்டில் அலகு பிடியை விட்டுக் கழன்று போய், உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. முனீஸ்வரர் காப்பாத்தினார். அப்புறம் பிடியைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே போகிற வால் இரண்டு அங்குலம்கூட இல்லை. பசை போட்டு ஒட்டியிருக்கு!

இதில் திருப்பாச்சி மேல் குற்றம் இல்லீங்க. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அருவாளுக்குப் பேர் வந்ததே அங்குள்ள கொல்லர்கள் கைவேலையால்தான். 2005-ல் விஜய் படம் வந்த பிறகு நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அந்தப் பேர் தெரியும். ஆனால் பேரை எந்தத் தகட்டிலும் அடிக்கலாம். வேலையை அப்படி அடிக்க முடியாது.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான். கத்திக்குப் பேர் போனது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அந்தப் பேரைப் போட்டு ஜெர்மனியில் மட்டமான கத்தி செய்து விற்றார்கள். அதனால்தான் 1887-ல் பிரிட்டனில் சட்டம் வந்து, "மேட் இன் ஜெர்மனி" என்று போட வேண்டியதாச்சு. அவமானமாகப் போட்ட முத்திரை அது. ஜெர்மன்காரர்கள் வேலையைத் திருத்தினார்கள், அதே முத்திரை பெருமையாகிவிட்டது. 1938-ல் தங்கள் சோலிங்கன் ஊர்ப் பேரைக் காப்பாற்ற அவர்களே சட்டம் போட்டார்கள். வேலை முதலில், பேர் பின்னால்.

நம்ம கோயிலில் தோட்டத்துக் காலத்து அருவாள் ஒன்று இருக்கு, பார்த்திருப்பீர்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது. பேரும் இல்லை, முத்திரையும் இல்லை, கறுத்துக் கிடக்கு. இன்றைக்கும் பூசணிக்காய் ஒரே வெட்டு! அந்தப் பட்டை நல்ல கரி ஏறிய எஃகு. கொல்லர் அதை அடித்து வளைத்து, விளிம்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில் முக்கி, மறுபடி லேசாகச் சூடு காட்டுவார். முக்கினால் கெட்டியாகும், சூடு காட்டினால் உடையாது. இரண்டில் ஒன்றை விட்டாலும் அருவாள் கெட்டுப்போகும்.

வாங்கும்போது இதைப் பாருங்க:

1. வால் பிடியின் கடைசி வரை போகுதா? பூண் இறுக்கமா இருக்கா?
2. கடைக்காரரிடம் கேட்டு, வெட்டும் விளிம்பில் அரம் போட்டுப் பாருங்க. அரம் வழுக்கினால் கெட்டி. மாவு மாதிரி அராவினால் வெறும் தகடு.
3. பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீங்க. மட்டமான இரும்புக்கும் முலாம் பூசலாம். நல்ல எஃகு துருப்பிடிக்கும். துடைத்து எண்ணெய் தடவினால் போதும்.

சந்நிதியில் சாத்தி வைக்க மட்டும் என்றால் அலங்கார அருவாளும் சரிதான், பக்தி குறையாது. ஆனால் அதை வெட்ட எடுக்கக் கூடாது. வெட்டுறதுக்கு என்றால், திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே கொண்டு வாங்க, நாங்க சோதித்துச் சொல்றோம். பேருக்குக் கொடுக்கிற கூடுதல் வெள்ளியை அன்னதானத்தில் போட்டால் பத்துப் பேர் வயிறு நிறையும்.

முனீஸ்வரர் அருவாளில் என்ன எழுதியிருக்கு என்று படிக்கிறவர் இல்லை. அவர் காவல்காரர். காவல்காரர் கையில் கொடுக்கிறது உறுதியானதாக இருக்கட்டும்.

முனீஸ்வரர் துணை. 🙏