வேற்றூரில் எழுதிய மடல்கள்



உரோமர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன யாவை? சீசரின் படையெடுப்பு, பளிங்கு மண்டபங்கள், மல்லர்கள் பொருதிய வட்டரங்கு, கல் பாவிய நெடுஞ்சாலைகள் ஆகியவையே. பள்ளிப் பாடநூல் நமக்கு அவ்வளவே கற்பித்தது. அந்தச் சாலைகளின் வழியே ஊர்விட்டு ஊர் போய்க் குடியிருந்த மக்கள் என்ன உண்டார்கள், எதை உடுத்தார்கள், யாரை எண்ணி ஏங்கினார்கள் என்பதை அது சொல்லவில்லை. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கோ, அறிய வேண்டிய செய்தி அதுவே அன்றோ?

இங்கிலாந்தின் வடபகுதியில் விண்டோலாந்தா என்னும் உரோமர் கோட்டையின் இடிபாடுகள் உள்ளன. 1973ஆம் ஆண்டு இராபின் பர்லி என்னும் அகழ்வாய்வாளர் அங்கே நீர் வடிய வாய்க்கால் வெட்டியபோது, மெல்லிய மரச்சீவல்கள் சில கிடைத்தன. அஞ்சலட்டை அளவு, ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் கனம். அவற்றில் கரிமையால் எழுதிய எழுத்துகள் இருந்தன. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத வரிகளை அகச்சிவப்பு ஒளியில் படம் எடுத்துப் படித்தார்கள். அவை ஏறத்தாழக் கி.பி. 90 முதல் 120 வரை அங்கு வாழ்ந்தவர்களின் மடல்களும் கணக்குகளும் ஆகும். ஈரம் நிறைந்து காற்றுப் புகாத மண், மரம் மக்காமல் காத்துத் தந்திருக்கிறது. நம் முன்னோர் ஓலையில் எழுதியதுபோல் அவர்கள் மரத்தில் எழுதினார்கள். நம் ஓலைகளைத் தின்ற செல்லுக்கு அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

எழுதியவர்கள் உரோம் நகரத்தார் அல்லர். அங்கே காவல் இருந்த படையினர் பலர் பட்டாவியர். இன்றைய நெதர்லாந்தில், இரைன் ஆற்றின் கழிமுகத்தில் பிறந்தவர்கள். பேரரசின் ஊதியம் பெற்றுக் கடல் கடந்து குளிர்நாட்டில் வந்து தங்கியவர்கள்.

அவர்களுடைய மடல்களைப் படிக்கும்போது நம் வீட்டு அஞ்சலைப் பிரித்தது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. ஒருவருக்குக் காலுறைகளும், இரண்டு இணைச் செருப்புகளும், உள்ளாடை இரண்டும் அனுப்பியிருப்பதாக ஒரு மடல் கூறுகிறது. வேறொருவர் தம் வீரர்களுக்கு மது தீர்ந்துவிட்டது, அனுப்பி வைக்க ஆணையிடுங்கள் என்று மேலதிகாரிக்கு எழுதுகிறார். ஒக்டேவியஸ் என்னும் வணிகர் தானியம் வாங்க முன்பணம் கொடுத்துவிட்டார். மேலும் 500 தெனாரியமாவது உடனே வராவிட்டால், கொடுத்த 300 தெனாரியமும் போய்விடும் என்று கலங்குகிறார். வேறோர் ஊரில் கிடக்கும் தோல்களை எடுத்துவரலாம் என்றால் சாலை மோசமாக இருக்கிறதாம். உரோமரின் சாலைகளைப் புகழாத வரலாற்று நூல் இல்லை. அச்சாலைகளில் வண்டி ஓட்டியவரின் புலம்பல் இப்போதுதான் நம் காதுக்கு எட்டுகிறது!

சொலெம்னிஸ் என்பவர் பாரிஸ் என்னும் உடன்பிறவா உடன்பிறப்புக்கு எழுதிய மடல் நெஞ்சைத் தொடுவது. தாம் நலமாக இருப்பதைச் சொல்லிவிட்டு, எனக்கு ஒரு மடல்கூட எழுதாத சோம்பேறியே என்று உரிமையோடு கடிந்துகொள்கிறார். இந்தக் கடிதலைக் கேளாதார் நம்மில் எவர்?

மடல்களுள் தலையாயது ஒரு பெண்மணியினுடையது. பக்கத்துக் கோட்டைத் தலைவர் ஒருவரின் மனைவி கிளாடியா செவெரா. விண்டோலாந்தாவின் படைத்தலைவர் செரியாலிஸின் மனைவி சுல்பிசியா இலெப்பிடினா. செப்டம்பர் 11ஆம் நாள் தம் பிறந்தநாள் விழாவுக்குத் தவறாமல் வரவேண்டும், தோழி வந்தால்தான் அந்நாள் இனிக்கும் என்று செவெரா அழைக்கிறார். கணவரும் சின்னஞ்சிறு மகனும் நலம் கேட்டதாகவும் தெரிவிக்கிறார். மடலின் பெரும்பகுதியை எழுத்தர் ஒருவர் அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறார். இறுதியில் சில வரிகளை மட்டும் செவெராவே எழுதியிருக்கிறார். எழுத்தரின் அழகு அதில் இல்லை, அன்பு இருக்கிறது. பெண்ணொருத்தி இலத்தீனில் தன் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையன அவ்வரிகளே என்று அறிஞர் கருதுகின்றனர்.

படைவீரர்களின் கணக்கேடு ஒன்றில் காம்பாக்ஸ் என்பவன் பெயருக்கு நேரே, மிளகு, 2 தெனாரியம் என்று குறித்திருக்கிறது. அக்காலத்து மிளகு விளைந்தது நம் மேற்குக் கடற்கரை மலைகளில். முசிறி முதலிய துறைகளில் ஏறி, எகிப்தின் செங்கடல் துறைகளில் இறங்கி, உரோமப் பேரரசெங்கும் அது பரவியது. மிளகோடு நம்மவரும் சென்றார்கள். குசெய்ர் அல் காதிம் என்னும் செங்கடல் துறையில் கிடைத்த பானையோடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டில் இருந்தும் தம் பெயரைத் தம் எழுத்தில் எழுதிய அந்த இருவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஏன் இதைச் சொல்கிறேன்? விண்டோலாந்தாவில் பட்டாவியர் பேசிய தாய்மொழியில் எழுதிய மடல் ஒன்றேனும் கிடைக்கவில்லை. தாலாட்டியதும் சண்டையிட்டதும் அம்மொழியில் இருந்திருக்கலாம், எழுதியது இலத்தீனில். தலைவர் வீட்டுப் பிள்ளை எழுதிப் பழகியதாகக் கருதப்படும் மரச்சீவலிலும் வர்ஜிலின் இலத்தீன் காவிய வரியே காணப்படுகிறது. பேசியது காற்றோடு போயிற்று.

அதே நாட்டின் கீழ்க்கரையில், சவுத் சீல்டு என்னும் ஊரில், 1878ஆம் ஆண்டு ஒரு கல்லறைக் கல் கிடைத்தது. சிரியாவின் பால்மைரா நகரத்திலிருந்து வந்த பராத்தேஸ் என்பவர், முப்பது வயதில் இறந்த மனைவி இரெகினாவுக்கு நாட்டிய கல் அது. அவள் பிரித்தானிய மண்ணின் மகள்; முன்பு அவருடைய அடிமை; அவர் விடுதலை தந்து மணந்துகொண்டார். கல்லில் அவள் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து நூல் நூற்கிறாள். அருகே கம்பளிக் கூடை. ஊரார் படிக்க இலத்தீனில் அவள் பெயர், குலம், வயது எல்லாம் முறையாக எழுதியிருக்கிறது. அதன் கீழே ஒற்றை வரி, பால்மைரா எழுத்தில். இரெகினா, பராத்தேஸின் விடுதலை பெற்ற பெண், அந்தோ என்பது அதன் பொருள். அந்தக் குளிர்நாட்டில் அதைப் படிக்கக்கூடியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்? ஆயினும், அந்தோ என்று அழுவதற்கு அவருக்குத் தாய்மொழிதான் வேண்டியிருந்தது.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், அது மகிழ்ச்சியே. ஆனால் தமிழில் எழுதுவோர் எத்தனை பேர்? கைப்பேசியில் ஆயிரம் செய்தி அனுப்பட்டும். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊரிலுள்ள பாட்டிக்கு இம்மாதம் ஒரு மடல் எழுதுங்கள். முழு மடலையும் நீங்களே எழுதினாலும் குற்றமில்லை. செவெரா செய்ததுபோல், அடியில் இரண்டு வரி பிள்ளையின் கையெழுத்தில் தமிழில் இருக்கட்டும். எழுத்து கோணலாக இருந்தால் என்ன? பாட்டி அந்த இரண்டு வரியைத்தான் முதலில் படிப்பாள்.